சின்ன வெள்ளை மாத்திரை

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. உன் அக்காதான், இடது கையால். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் பேசலாம் என்றால் நீ இருமுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. எனக்கோ நாள் முழுக்கக் காருக்குள் போனைத் தொட முடியாது. அதனால் வழக்கம்போலத் தபால்தான்.

வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. பதறாதே. எப்படி உடைந்தது என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. கார் மோதவில்லை, மாடியிலிருந்து உருளவில்லை. என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் ஒருவர், அன்றுதான் முதல் தடவையாக ஓரத்தில் ஒழுங்காக நிறுத்தினார். "சபாஷ்!" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். நடைபாதை விளிம்பில் கால் தடுக்கியது, கையை ஊன்றினேன், சுள்ளி ஒடிகிற சத்தம். பாவம் மனிதர், என்னைவிட அதிகமாக நடுங்கிப் போனார்.

கட்டுப் போட்ட டாக்டர் சின்னப் பெண். "நின்ன இடத்துலேருந்து விழுந்ததுக்கு எலும்பு இப்படி உடையக் கூடாதும்மா. அடர்த்தி பார்த்துடலாம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். உன் மருமகன் அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டான். "ஸ்கூலை மூடிடும்மா. என்கூட வந்து சும்மா உட்காரு." சும்மா உட்காருவதற்கா இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தேன்? எனக்கு மறுபடி அந்த வண்டியில் ஏற வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

நீ என்ன சொல்கிறாய்? பூசி மெழுகாமல் எழுது.

உன் அக்கா


மார்ச் 15

என் அருமை பிரேக்கம்மாவுக்கு,

உன்னிடம் படித்தவர்கள் வைத்த பெயரில்தான் கூப்பிடுவேன், கோபித்துக்கொள்ளாதே. கடிதத்தைப் பிரித்ததும் நெஞ்சு திக்கென்றது. வாசித்து முடிக்கும்போது சிரித்துவிட்டேன். கை உடைந்த நேரத்திலும் அடுத்தவனுக்குச் சபாஷ் சொன்னவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேக்கரி நன்றாக நடக்கிறது.

ஸ்கூலை மூடாதே. மருமகன் நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் உன் சைக்கிளின் பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டவள் நீ. உன்னைப் போய் நாற்காலியில் உட்காரச் சொன்னால் நாற்காலிதான் உடையும்.

எலும்பு அடர்த்தி குறைவதெல்லாம் பெண்களுக்கு இந்த வயதில் வருவதுதானாம், இவள் சொல்கிறாள். டெஸ்ட் எடுத்துவிடு. என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுது. எனக்கு ஒரு குறையும் இல்லை. மாவுத் தூசி இருமல் இருக்கவே இருக்கிறது, அதற்குத்தான் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை இருக்கிறதே. ஒரு வேடிக்கை கேள். அடுப்புக்கு மேலே இருக்கிற தட்டை யாரோ உயர்த்தி மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது, இப்போதெல்லாம் எனக்கு எட்ட மாட்டேன் என்கிறது. "நீங்க ஒட்டடைக்குச்சியா இருந்ததெல்லாம் அந்தக் காலம்" என்று இவள் கிண்டல் செய்கிறாள்.

கை சீக்கிரம் சேர வேண்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 9

தம்பி ஒட்டடைக்குச்சிக்கு,

அன்பும் ஆசியும். இது பாதி இடது கை, பாதி வலது கை எழுதியது. கட்டு அவிழ்த்தாயிற்று. விரல்கள் இன்னும் சோம்பேறிகளாகத்தான் இருக்கின்றன.

டெஸ்ட் முடிந்தது. படுக்க வைத்து மேலே ஒரு கருவியை ஓட்டினார்கள், வலியே இல்லை. உயரம் குறைந்திருக்கிறதா என்றும் அளந்தார்கள். முடிவுதான் வலித்தது. எலும்புப்புரையாம். வெளியே பார்த்தால் எலும்பு எலும்பாகத்தான் இருக்கும், உள்ளே உன் ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் என்றாள் டாக்டர் பெண். அடுத்த தடவை விழுந்தால் இடுப்பாக இருக்கலாம் என்றும் சொன்னாள். அவள் விறுவிறுவென்று மருந்து எழுத ஆரம்பித்தாள், உன் மருமகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

விட்டேனா பார். என்னிடம் படிக்கிறவர்களிடம் நான் என்ன செய்வேன்? "இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்பேன் இல்லையா? அதையே அங்கேயும் செய்தேன். "டாக்டரம்மா, நான் புரிஞ்சுக்கிட்டதைத் திருப்பிச் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க" என்றேன். சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் எலும்பு பழையபடி ஆகிவிடும் என்று சொல்லி முடிப்பதற்குள் நிறுத்திவிட்டாள். அது மட்டும் போதாதாம். எலும்பு கரைவதைத் தடுக்க வாரம் ஒரு மாத்திரை, அதோடு உடற்பயிற்சி, அதோடு விழாமல் இருப்பது, எல்லாமும் சேர்ந்துதான் வைத்தியமாம். பார், கேட்காமல் வந்திருந்தால் தப்பான பாடத்தோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

அதன் பிறகு வரிசையாகக் கேட்டேன். மாத்திரை சாப்பிடாமல் விட்டால் என்ன ஆகும்? சாப்பிட்டால் என்ன தொல்லை வரும்? இது ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு என்ன இருக்கிறது? உன் மருமகன் என் முழங்கையை இடித்தான். அவளோ பேனாவை வைத்துவிட்டு, "கேளுங்கம்மா. உங்களுக்கு எது முக்கியம்னு தெரிஞ்சாதானே நான் சரியா எழுத முடியும்?" என்றாள். "எனக்கு மறுபடி வண்டியில ஏறணும்" என்றேன். ஏறலாமாம். அதற்குக் காலும் முதுகும் பலமாக வேண்டுமாம். மாத்திரைக்கு முன்னால் பல்லையும் காட்டிவிடச் சொன்னாள். நம் பல் டாக்டர்தான் இருக்கிறாரே, ஒரு வகுப்புக்கு ஒரு பல் என்று பேசி முடித்துவிட்டேன்.

இப்போது சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

உன் அக்கா


ஏப்ரல் 24

அன்பு அக்கா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன். அடேயப்பா! டாக்டரையே பேனாவைக் கீழே வைக்க வைத்துவிட்டாயே! உன் உடம்பு எப்படி? எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ எழுதியதைக் கடையில் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரொட்டி வாங்க வருகிற பெண்கள் யாரையும் சும்மா விடுவதில்லை. "சின்னதா விழுந்து எலும்பு உடைஞ்சிருக்கா? உயரம் குறைஞ்சிருக்கா? போய் டெஸ்ட் எடுங்க. டாக்டர் எழுதினதும் எழுந்து வந்துடாதீங்க, கேள்வி கேளுங்க. எங்க அக்கா கேட்டா!" என்று பிடித்துக்கொள்கிறேன். தையல்கார அம்மா ஒருத்தி நிஜமாகவே போய் டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து, "உங்க அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்க" என்றாள். உடன் வந்த கணவர், "எங்களுக்கெல்லாம் கிடையாதா?" என்று கேட்டார். "நமக்கெதுக்கு, இது பெண்கள் சமாசாரம்" என்று ஒரு பன்னைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நேரில் இதைச் சொல்ல வராது. நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவள்தான் எல்லாம் சொல்வாள், நான் உம் கொட்டிவிட்டு வருவேன். நாமும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

இவள் என் ஏப்ரனைச் சுருக்கித் தைத்துக் கொடுத்தாள். தரையைத் தொடுகிறதாம். துணி நீண்டுவிட்டது போலிருக்கிறது. மூட்டை தூக்கியதில் முதுகு கொஞ்சம் பிடித்திருக்கிறது, தைலம் தேய்த்தால் போய்விடும்.

பாசத்துடன்,
தம்பி


மே 20

அன்புள்ள தம்பி,

நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நம்பிக்கை கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் முட்டாள்தனம். வார மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவள் சொன்னபோது, அது ஒன்றை மட்டும் நான் திருப்பிச் சொல்லவில்லை. மாத்திரைதானே, எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். காப்பியோடு விழுங்கிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டேன். நெஞ்சு எரிந்தது பார், உன் அடுப்பு தோற்றுப்போகும்! டப்பாவோடு தூக்கிக் குப்பையில் போடத்தான் எழுந்தேன். பிறகு, போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுவோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸ் அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. "வெறும் வயித்துல, ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணியோட, அதுக்கப்புறம் அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்கணும். உட்காருங்க, நடங்க, படுக்க மட்டும் கூடாது." இப்போது அப்படித்தான் செய்கிறேன், எரிச்சல் இல்லை.

கடைசிச் சங்கதி. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காத்திருக்கும் அறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், உன் வயதுதான் இருக்கும். முதுகு கேள்விக்குறி போல வளைந்திருந்தது. மூட்டு வலிக்கு வருஷக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாராம். ஆண்களுக்கும் இது வரும், அந்த மாத்திரை சாப்பிட்டால் சீக்கிரமே வரும் என்றார் நர்ஸ் அம்மா. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. எட்டாத தட்டு. நீண்டுபோன ஏப்ரன். பிடித்துக்கொண்ட முதுகு. துணி நீளாதுடா தம்பி.

மாத்திரையின் பெயர் என்ன? எவ்வளவு காலமாகச் சாப்பிடுகிறாய்? யாராவது உன் உயரத்தை அளந்தார்களா? மூன்றுக்கும் பதில் எழுது.

உன் அக்கா


ஜூன் 7

அன்பு அக்காவுக்கு,

வணக்கமும் விசாரிப்பும். நாங்கள் நலம்.

நீ போன் செய்து கேட்ட கதையைக் கடையில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். உன்னைப் போல ஒருத்தி எங்கள் தெருவில் இருந்தால் பாதி வியாதி ஓடிவிடும் என்றாள் தையல்கார அம்மா. இங்கே வெயில் அதிகம். அடுப்புக்குப் புதிய கதவு போட்டிருக்கிறோம். கோதுமை மாவு இந்தத் தடவை நல்ல தரம். எதிர்க் கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மருமகனைக் கேட்டதாகச் சொல்.

நீ எப்போது வண்டியில் ஏறுகிறாய்? அதை எழுது. அதுதான் எனக்கு முக்கியம்.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

வெயிலும் கதவும் கோதுமையும் கல்யாணமும் தெரிந்துகொண்டேன். மூன்று கேள்வி கேட்டேன். கல்லுளிமங்கா, ஒன்றுக்காவது பதில் எழுதினாயா?

நான் வண்டியில் ஏறிவிட்டேன். போன திங்கட்கிழமை. டாக்டர் பெண்ணே ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து நான் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். உட்கார்ந்து, இருக்கையைச் சரிசெய்து, என் பக்கத்துப் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தேன். கால் நடுங்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை, ஸ்டியரிங் பிடித்திருந்த பல் டாக்டர் அதைப் பார்த்து மறுபடி நடுங்கினார். இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்து எழுதுகிறேன், ஆனால் உன் கடிதத்தைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

நான் விசாரித்துவிட்டேன். மாவுத் தூசி மூச்சிரைப்புக்கு நீ சாப்பிடுவது அந்த ஸ்டீராய்டாகத்தான் இருக்க வேண்டும். அது எலும்பை உள்ளுக்குள்ளேயே கரைக்கும். முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கும், மனிதன் குள்ளமாவான், மூட்டை தூக்கினேன் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பான். ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்கிறாயே, உன் முதுகு யாருடையது? எனக்குப் பயமாக இருக்கிறது. எழுது.

அக்கா


ஆகஸ்ட் 2

தம்பி,

நீங்கள் இருவரும் சுகம்தானே? பதில் இல்லை. கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது, வாங்கிக்கொள்கிறேன். போன் செய்தால் உன் பெண்டாட்டி, "கடையில இருக்கார் அண்ணி, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறாள். அவள் குரல் சரியாக இல்லை.

ஒரே ஒரு வரி போதும்.

அக்கா


ஆகஸ்ட் 19

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்களும் மகனும் நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒன்று, இப்போது அவருக்கு ஆபத்து இல்லை. இதைப் படித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்று அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அன்றிலிருந்து அந்த வெள்ளை மாத்திரையை நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. நான் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் வாயில் போடுவது போலப் போட்டுவிட்டு மாவுத் தொட்டிக்குப் பின்னால் துப்பியிருக்கிறார். ஆள் சோர்ந்தார், சாப்பாடு இறங்கவில்லை, இரைப்பு அதிகமானது. கேட்டால் வெயில் என்றார். நீங்கள் போன் செய்த நாட்களில் பக்கத்திலேயே நின்றுகொண்டு சைகை காட்டினார், சொல்லாதே என்று. நானும் சொல்லவில்லை. அதற்காக என்னை மன்னியுங்கள்.

போன வாரம் ரொட்டித் தட்டை வெளியே இழுக்கும்போது அப்படியே சரிந்துவிட்டார். உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் எங்கள் டாக்டர், "மாத்திரை விடாம சாப்பிடறாரா?" என்று கேட்டார். நான் "ஆமாம்" என்றேன். உங்கள் தம்பி கையை ஆட்டி "இல்லை" என்றார். அண்ணி, டாக்டர் முகம் மாறிவிட்டது. பல வருஷம் சாப்பிட்ட அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். உடனே ஊசி போட்டார்கள். நெஞ்சுப் படம் எடுத்தபோது முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருப்பது தெரிந்தது. நீங்கள் சொன்னது நிஜம்தான்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், மாத்திரை மறுபடி சாப்பிடுகிறார். எலும்புக்கு என்ன செய்வது என்று பேச அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். போக மாட்டேன் என்கிறார். "அவங்க எதை நிறுத்தினாலும் நான் போயிடுவேன்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். எனக்கு அர்த்தம் புரியவில்லை. நீங்கள் வந்து அவருக்காக டாக்டரிடம் பேசுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 23

என் கண்ணான தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறாய். உன் மனைவிக்கு என் கும்பிடு.

உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் மேல்தான் இருக்கிறது. முன்னால் பள்ளம் என்று கத்தினேனே தவிர, வண்டியை எப்படித் திருப்புவது என்று உனக்குச் சொல்லவில்லை. என்னிடம் படிக்கிற எவனிடமாவது அப்படிக் கத்தியிருந்தால் அவனும் பயத்தில் எதையாவது மிதித்திருப்பான். என் மாத்திரை எரித்தபோது குப்பையில் போடுவதற்கு முன்னால் நான் கேட்டேன். உன்னிடம் எழுதும்போது "நீயாக நிறுத்தாதே, கேள்" என்ற அந்த வரியை விட்டுவிட்டேன்.

உன் வீட்டுக்காரி என்னை வரச் சொல்கிறாள். பெட்டியைக் கட்டியும் வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். நான் வந்தால் உன் டாக்டரிடம் எல்லாவற்றையும் நானே கேட்பேன், என் வாய் சும்மா இருக்காது. நீ பக்கத்தில் உட்கார்ந்து உம் கொட்டுவாய். எனக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாதே? உன் மனைவிக்கும் தெரியவில்லை. உனக்கு மட்டும் தெரிந்ததை உன் வாயால்தான் சொல்ல முடியும். பெட்டியைப் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி எதுவும் எழுதி அனுப்ப மாட்டேன். என்னைப் போல அடுக்கடுக்காகக் கேட்க வேண்டியதில்லை. நீ பயப்படுகிற அந்த ஒன்றை மட்டும் சொல். திக்கினாலும் பரவாயில்லை. சின்ன வயதில் மூச்சு இழுத்துக்கொண்டே என் சைக்கிளுக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடி வருவாய், நிற்கவே மாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்டா.

உன் அக்கா


செப்டம்பர் 18

அன்பு அக்காவுக்கு,

நீயும் மருமகனும் நலமா? நான் நலம் என்று இந்தத் தடவை எழுத மாட்டேன். முதுகு வலிக்கிறது, மூச்சு பரவாயில்லை. இதுதான் உண்மை நிலவரம்.

போனேன். இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் வழக்கம்போல இவளைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். "அவர் வெயிட் தூக்கக் கூடாதும்மா. நீங்க பார்த்துக்கணும்." எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என்ன வந்ததோ தெரியவில்லை, "டாக்டர், அவங்ககிட்ட சொன்னா அவங்க எலும்பா கெட்டியாகப் போகுது? என்கிட்ட சொல்லுங்க" என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

அப்போது சொல்லிவிட்டேன், அக்கா. திக்கித் திக்கித்தான். "எலும்புக்கு வைத்தியம்னு வந்தா மூச்சு மாத்திரையை நிறுத்தச் சொல்வீங்கன்னு பயம். மூச்சு கிடைக்காம இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். எப்படியும் நிறுத்தத்தான் சொல்வீங்கன்னு நினைச்சு, அது இல்லாம இருக்க முடியுமான்னு நானே நிறுத்திப் பார்த்துட்டேன். முடியலை." அவர் என் ஃபைலை மூடி வைத்தார். "இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?" என்றார். "நீங்க கேட்கலை. நானும் சொல்லலை" என்றேன். "தப்பு என்னோடதும்தான்" என்றார் அவர். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

மூச்சு, எலும்பு இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லையாம். வாயில் வைத்து இழுக்கிற இன்ஹேலர் மருந்தைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டு, மாவு அள்ளும்போது முகக் கவசம் போட்டுக்கொண்டால், வெள்ளை மாத்திரையை அவர் கண் எதிரில் மெல்ல மெல்லக் குறைத்துப் பார்க்கலாமாம். எலும்புக்குத் தனி மருந்து. அடுப்பு முன்னால் நிற்கலாம், மூட்டை மட்டும் தூக்கக் கூடாது. குனியாமல் முட்டியை மடக்கி எடுப்பது எப்படி என்று கற்றுத்தர ஓர் அம்மா வருகிறாள், உன்னைப் போலவே அதட்டுகிறாள். நான் புரிந்துகொண்டதை அவருக்குத் திருப்பிச் சொன்னேன். இரண்டு இடத்தில் திருத்தினார்.

கடைசியில் வார மாத்திரை எழுதிக் கொடுத்தார், நீ சாப்பிடுவதேதான். இவள் வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் எழவில்லை. "டாக்டர், இதைச் சாப்பிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்கணும் இல்லையா? இப்ப என்னால பத்து நிமிஷம்கூட அப்படி இருக்க முடியாது, முதுகு விடாது" என்றேன். அவர் அந்தத் தாளைத் திருப்பி வாங்கினார். எழுதியதைக் குறுக்கே அடித்தார். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றுகிற மருந்து கொடுக்கலாம் என்று புதிதாக எழுதினார். அதன் தொல்லைகளையும் நான் கேட்காமலே சொன்னார். நான் சொன்னதைக் கேட்டு ஒரு டாக்டர் தான் எழுதியதை அடித்து எழுதினார், அக்கா.

நீ வராதது நல்லதாகப் போயிற்று. பெட்டியைக் கட்டிய பிறகு பிரிப்பது உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ செய்ததிலேயே அதுதான் பெரியது. வேறு யாராக இருந்தாலும் கிளம்பி வந்திருப்பார்கள்.

வெளியே வராந்தாவில் இவள் நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை" என்றாள். நானும் கேட்டதில்லை என்றேன்.

உன் தம்பி